ஒத்துக்காரர்

சிதம்பரம் ஆனித் தேரோட்டத்தில் மல்லாரி முழங்குகையில் எல்லார் கண்களும் நாகசுரக்காரரையும் தவில்காரரையுமே நாடும். நாமோ ஒத்துக்காரரைத் தேடுவோம். மூச்சறாது ஒரே சுருதியைத் தாங்கி நிற்பதே அவர் தொண்டு. பிறர் சொல்லுக்குத் தலையாட்டுவோனை 'ஒத்து ஊதுகிறான்' என ஏளனம் செய்வது அவ்வருமை அறியாதார் பேச்சு! இன்று அவரிடத்தைப் பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

எல்லா நாட்டிலும் இவ்வாறு நேரவில்லை. அமெரிக்காவின் லூசியானாவில், சைடிகோ ஆட்ட இசையில் அக்கார்டியன் வாசித்துப் புகழ்பெற்றவர் கிளிப்டன் செனியர் (1925–1987). மார்பில் அணிந்த நெளிதகட்டைத் தேய்த்துத் தாளம் காத்தவர் அவர்தம் தமையனார் கிளீவ்லாந்து. தகட்டுக்காரர் அங்கே இன்றும் குழுவில் உண்டு.

கடலூரில் நம் பங்குத் திருவிழாவுக்கு வரும் மேளக்குழுத் தலைவர், "பெட்டிக்குக் கூலியில்லை சாமி, சோறும் வேண்டாம்" என்றார். ஒத்துக்கும் கூலி தருகிறோம், ஆளை அழைத்து வாருங்கள் என்றோம். ஊதத் தெரிந்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.