வண்டி கைமாறிய கதை



போன வாரம் நம் வீட்டு வழியாகப் போன இரண்டு மூன்று பேர், "சார், வாசல்ல காரைக் காணோமே, சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். காரை விற்றுவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு என்னைத் தெரியும்.

அது 2012-ல் நான் ஓய்வு பெற்ற வருடம் வாங்கிய வேகன் ஆர். கையில் வந்த பணத்தில் பாதியும் வங்கிக் கடன் பாதியுமாக வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்கு 34 வருடம் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போனவன், வேலைக்குப் போகத் தேவையில்லாத நாளில் கார் வாங்கினேன் என்று என் துணைவியார் இன்றைக்கும் கேலி செய்வார். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று எத்தனை கல்யாணம், எத்தனை துக்கம், எத்தனை ஆஸ்பத்திரி! எல்லாம் அதில்தான்.

விற்கக் காரணம் என் கண். இரண்டு வருடமாகக் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறேன். நேரே பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். பக்கப் பார்வைதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அது சுருங்குவது நமக்கே தெரியாது என்பதுதான் அந்த நோயின் பொல்லாத்தனம். டாக்டர் "வண்டி ஓட்டுறதைக் குறைச்சுக்குங்க" என்றார். குறைத்துக்கொண்டேன், நிறுத்தவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரம். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்திருக்கிறான். நான் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைவியார் கத்தியதில் பிரேக் போட்டேன். ஓர் அடி இடைவெளி. பையன் என்னைப் பார்த்து, "சாரி தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்டது அவன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிய கை அன்றைக்கு ஸ்டியரிங்கில் நடுங்கியது. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

சென்னையிலிருக்கும் மகன் விளம்பரம் போட்டுக் கொடுத்தான். முதலில் வந்த புரோக்கர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து ஒரு லட்சத்து அறுபது என்றார். நாங்கள் இரண்டே கால் எதிர்பார்த்திருந்தோம். நேரடியாக விற்போம் என்று முடிவு செய்தோம்.

பத்து நாளில் நம் மாவட்டத்திலேயே ஒரு தம்பி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கூடவே ஒரு மெக்கானிக். முதல் நாளே போனில், "சார், நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார். இன்ஜின் ஆறியிருக்கும்போது எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்று பார்க்கத்தானாம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார், கதவு ரப்பரைப் பிரித்துப் பார்த்தார், சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். கணக்கு வாத்தியாருக்கே அன்றைக்குத்தான் தெரியும்!

பேசிப் பேசி இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று முடிந்தது. முன்பணம் கொடுக்கப் பையிலே கை வைத்துவிட்டார்.

இங்கேதான் ஒரு விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. நம் ஊர்ப்பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்த ராத்திரி. எங்கள் கொல்லைத் தென்னையின் மேல்பாதி முறிந்து கார் கூரைமேல் விழுந்தது. இன்சூரன்ஸ் பணம் வந்தது, டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்தோம். பார்த்தால் தெரியாது. ஆனால் பெருமழையில் இடது பின் கதவுப் பக்கம் தண்ணீர் லேசாகக் கசியும். இரண்டு முறை சரிபார்த்தும் முழுதாக நிற்கவில்லை.

மெக்கானிக் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மகன் முன்பே சொல்லியிருந்தான், "அப்பா, கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா நீங்களா ஆரம்பிக்காதீங்க. பழைய வண்டின்னா அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்." அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லப் போவதில்லை, அவ்வளவு பெரியவன் இல்லை நான். ஆனால் அந்தத் தம்பி, "அப்பாவ வாரத்துக்கு ரெண்டு தடவ தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார், அதுக்குத்தான்" என்றார். பின் சீட்டில் யார் உட்காருவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். தென்னை விழுந்தது, கசிவு, எல்லாம். இன்சூரன்ஸ் காகிதத்தையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று போய்விட்டார். நாலு நாள் போன் இல்லை. மகன் போனில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் தம்பி தன் அம்மாவோடு வந்தார். "கூரையப் பாக்க செலவு ஆகும் சார், ஒண்ணு தொண்ணூறு" என்றார். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு முடிந்தது. உண்மை பேசியதற்கு எனக்குப் பதினைந்தாயிரம் செலவு. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. நல்லது செய்தால் உடனே லாபம் வரும் என்று வகுப்பில் உங்களுக்கு நான் சொல்லியிருந்தால் அதை இப்போது திருத்திக்கொள்கிறேன்.

இனி சொல்லப்போவதுதான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது.

1994-ல் என் பழைய பஜாஜ் ஸ்கூட்டரை ஒன்பதாயிரத்துக்கு விற்றேன். வாங்கினவர் தெரிந்தவர். "சார், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, பேர் மாத்துறத நான் பாத்துக்கிறேன்" என்றார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் மாற்றவில்லை. இன்சூரன்ஸும் புதுப்பிக்கவில்லை. 1997-ல் அந்த ஸ்கூட்டர் ஒரு பெரியவரை இடித்துக் கால் முறிந்தது. ஆர்.சி.யில் என் பெயர். விபத்துத் தீர்ப்பாயத்தில் நானும் எதிர்மனுதாரர். நாலு வருடம் அலைந்து, என் பங்காக 32,000 கட்டினேன். பி.எஃப். கடன் இருபதாயிரம், துணைவியாரின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போய் மீதி. அந்த நாட்களில் வகுப்பில் நான் எரிந்து விழுந்திருந்தால், அப்போது படித்தவர்கள் மன்னியுங்கள். காரணம் இதுதான்.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிவில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். பணம் வாங்கியாயிற்று, வண்டி போயாயிற்று என்றாலும் பெயர் மாறும்வரை விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் இந்த முறை இப்படிச் செய்தேன்:

முதலில் ஆர்.சி.யைப் பார்த்தேன். 2017-லேயே கடன் கட்டி முடித்திருந்தும் வங்கியின் பெயர் அதில் அப்படியே இருந்தது! கடன் முடிந்தால் தானாகப் போய்விடாது. வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கிக் கொடுத்து நீக்கினேன்.

படிவம் 29, 30 இரண்டையும் எல்லா இடமும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போட்டேன். விற்பவர் 14 நாளுக்குள் விற்பனையை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாங்கள் சேர்ந்தே போய்விட்டோம்.

ஆதார் நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறேன், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்தேன்.

வண்டி ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். முழுப் பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவி. இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றச் சொன்னேன். என் ஃபாஸ்டேகை மூடிவிட்டேன்.

கடைசியாக, பரிவாகன் தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் அன்றிரவு தூங்கினேன். துணைவியார், "சங்கிலி தப்பிச்சுது" என்றார்.

சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மா, "நல்லா ஓடுச்சாங்க ஐயா?" என்று கேட்டார். "நல்லா ஓடுச்சும்மா. மழையில மட்டும் இடது பக்கம் உக்காராதீங்க" என்றேன். சிரித்தார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். திரும்பியபோது சைகை விளக்குப் போட்டார் தம்பி. நல்ல டிரைவர்தான்.

கார் நின்ற இடத்தில் இப்போது துணைவியார் வடகம் காயப் போடுகிறார். கடைத்தெருவுக்கு நடந்துதான் போகிறேன், இடது பக்கம் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இதற்கு முன் விற்ற வண்டி, பைக், யாருக்கோ சும்மா கொடுத்த ஸ்கூட்டி எதுவானாலும், அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பார்த்தவர்கள் கீழே "பார்த்துவிட்டேன் சார்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்