புதுக் குடித்தனத்திற்கு எந்தப் பேட்டை?

ஊரிலிருந்து மும்பைக்கு மாற்றலாகி வரும் இளைஞர் பலர், சங்கத்தில் எங்களைக் கண்டதும் கேட்கும் முதற் கேள்வி, "எந்தப் பேட்டையில் வீடு பார்க்கலாம்?" என்பதே. நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விடை இதற்கு இல்லை. ஆகவே, 2018ஆம் ஆண்டு, கல்யாணமான நான்காம் மாதத்தில், நாங்கள் இருவரும் ஜாகை தேடி அலைந்த வகையை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிட வேண்டும். கைப்பணம் தெரியாமல் பேட்டை பேசுவது வீண். பத்தாவது தேறி இரயில்வேயில் கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவாகி, சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை அடுத்த ஓர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தோம். நம்மவர் பலர் இன்னமும் வி.டி. என்றே சொல்லும் அதே நிலையம்தான். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 34,000 ரூபாய். ஊரில் தாயாருக்கு 5,000. கல்யாணக் கடனுக்கு 4,000. மிச்சம் 25,000-க்குள் வாடகையும் வயிறும் வைத்தியமும் அடங்க வேண்டும். குவார்ட்டர்ஸுக்கு மனுக் கொடுத்தோம். எங்களுக்கு முன்னே வரிசை நீளமாக இருந்தது.

வீட்டம்மாளின் தாய்மாமன் மாட்டுங்காவாசி. அவர் வீட்டில் மூன்று வாரம் தங்கினோம். வாழையிலை, காப்பிப் பொடி, பூச்சரம், கோயில், கச்சேரி எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிற அந்த இடத்தைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. மாமாவின் அபிப்பிராயமும் அதுவே: "மாப்பிள்ளை, சிறிதோ பெரிதோ, நம்மவர் நடுவிலே இருந்துவிடுங்கள். பாஷை தெரியாத பெண்ணைக் காட்டிலே கொண்டுபோய் வைக்காதீர்கள்."

அவர் சொன்னது பாசத்தினால். ஆனால் மாமா கொடுக்கும் வாடகை சில நூறு ரூபாய். அவருடைய தகப்பனார் காலத்தில் பிடித்த பகடி வீடு அது. பழைய வாடகைச் சட்டத்தின் நிழலில் நிற்பது. புதிதாக வருகிறவனுக்கு அந்த நிழல் கிடையாது. மாட்டுங்காவில் எங்களுக்கு அகப்பட்டது, ஒரு பெரிய வீட்டில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். குளியலறை மூன்று குடும்பத்துக்குப் பொது. வாடகை 16,000.

இந்த மாட்டுங்காவின் வரலாறு சற்றுச் சுவையானது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவி நகரமே நடுங்கியபின், 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசலான தெருக்களிலிருந்து ஜனங்களை வெளியே குடியேற்ற, தாதர், மாட்டுங்கா பக்கத்து நிலங்களில் மனை பிரித்து வீதி வகுத்தார்கள். அப்போது அது நகரத்தின் விளிம்பு. கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுத்து வேலை பார்த்த நம்மவர், அங்கே வாடகை கட்டுபடியாகும் என்றுதான் போனார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. கோயிலும் கடையும் நிறைந்தன. இடம் நிறைந்ததும் விலை ஏறிற்று. அடுத்து வந்தவர்கள் செம்பூர் போனார்கள், பிறகு முலுண்டு, அதன் பிறகு டோம்பிவலி. மும்பைத் தமிழரின் குடும்ப வரலாற்றை இரயில்வே கால அட்டவணையில் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது. மாமாவின் தகப்பனார் மாட்டுங்காவுக்குப் போனபோது, அவரையும் யாரேனும் காட்டுக்குப் போகிறாய் என்று சொல்லியிருக்கக் கூடும்!

செம்பூரில் ஓர் அறையும் சமையற்கட்டும் 20,000. முன்பணம் ஒரு லட்சம். முலுண்டில் ஒரு வீடு பிடித்திருந்தது, பேச்சு முடியும் தறுவாயில் வீட்டுக்காரர், "மீன் சமைப்பீர்களா?" என்று கேட்டார். நாங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்கள், சமைப்போம் என்றோம். அத்துடன் முடிந்தது. பொய் சொல்லிப் புகுந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழம்பு வைக்கும் வாழ்க்கையை விரும்பவில்லை. இக்கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று முறை வீடு பார்க்கப் போகுமுன், தரகரிடமே முதலில் தெளிவுபடுத்திக் கொள்வது கால் வலியைக் குறைக்கும்.

இனி வண்டி விஷயம். அலுவலகம் எந்தப் பாதையில் இருக்கிறதோ அதே பாதையில் வீடு தேடுவது நல்லது. விரார் பக்கம் மலிவு என்று கேட்டுப் போய், நாள்தோறும் தாதரில் இறங்கி, பாலம் ஏறி, கூட்டத்தில் நீந்தி வண்டி மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். விரைவு வண்டி நிற்காத நிலையமானால், தூரம் குறைந்தும் நேரம் குறையாது. கல்யாணுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்து கசாராவுக்கும் கர்ஜத்துக்கும் போகிறது. வண்டிகளும் பங்காகிக் குறைகின்றன. ஆனால் அம்பர்நாத்தில் புறப்படும் வண்டிகள் சில உண்டு. அவற்றில் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து போகும் ஒன்றரை மணியும், ஒற்றைக் காலில் தொங்கிப் போகும் ஒன்றரை மணியும் ஒன்றல்ல.

பத்லாப்பூரில் முதலில் பார்த்த வீடு 6,500-தான். தரைமட்ட வீடு, அழகாக வெள்ளையடித்திருந்தார்கள். வீட்டம்மாள் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்புக்குச் சற்று மேலே, வெள்ளைக்குள் இருந்து ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரைக் கேட்டோம். 2005 ஜூலை வெள்ளம் என்றார். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அந்த மழை. அன்று உல்லாஸ் ஆறும் கரை புரண்டது. தரகர் எங்களுக்குப் பின்னால் நின்று அதட்டலாக ஏதோ மராட்டியில் சொன்னார். கடைக்காரர் அதற்குமேல் பேசவில்லை. எங்களுக்கு அவ்வளவே போதுமானதாயிருந்தது.

முடிவில், ஒரு நிலையம் முன்பாக, அம்பர்நாத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு: அறை, கூடம், சமையற்கட்டு. வாடகை 7,500, முன்பணம் 25,000. அம்பர்நாத்தும் பெருமும்பை நகர்த்திரளில் சேர்ந்ததாகையால், மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி மும்பைக்குரிய விகிதத்திலேயே கிடைக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

அன்றிரவு மாமா வீட்டுத் திண்ணை போன்ற சிறு பால்கனியில் கணக்குப் போட்டோம். செம்பூரானால் வாசலிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம். அம்பர்நாத்தானால், நடையும் காத்திருப்பும் சேர்த்து, இரண்டே கால் மணி. போக வர நாளுக்கு இரண்டரை மணி கூடுதல். மாதம் 25 நாளுக்கு 62½ மணி. வாடகை வித்தியாசம் 12,500. ஆக, மணிக்கு 200 ரூபாய். எங்களுக்குப் பணிப் பாஸ் உண்டு. மற்றவர்கள் சீசன் டிக்கெட்டுக்குச் சில நூறு கழித்துக் கொள்ளலாம்.

வீட்டம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இந்த மணியில் பாதி என்னுடையது. நீங்கள் வண்டியில் இருக்கிற நேரமெல்லாம் நான் வீட்டில் தனியே இருக்கிற நேரம். அதனால் வீட்டை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும், நீங்கள் இல்லாமல்" என்றாள்.

மறுநாள் மாமியை அழைத்துக்கொண்டு, பட்டப்பகலில், ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் வேளையில் போய்வந்தாள். தண்ணீர் காலை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது, காய்கறிச் சந்தைக்கு நடந்து போகலாமா, நடைவழியில் மதியம் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்து வந்தாள். எதிர்வீட்டு மராட்டிய மூதாட்டி வாசலில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். இவளைக் கண்டதும் ஒரு கட்டுக் கீரையைத் தள்ளிவைத்து, உட்காரச் சைகை காட்டினாராம். "இந்த வீடுதான்" என்றாள். மாமா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலும் 11 மாதத்துக்கு 'லீவ் அண்டு லைசென்ஸ்' எழுதுகிறார்கள். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவில்லாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே எடுத்துக்கொள்ளப்படும். எங்கள் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார்; விஷயத்தைச் சொன்னதும் பதிவு செய்து கொடுத்தார். தரகு ஒரு மாத வாடகை.

முதல் ஆறு மாதம் சுலபமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. காலை ஏழே காலுக்குப் புறப்பட்டு இரவு எட்டே காலுக்குத் திரும்பினால், பதின்மூன்று மணி நேரம் ஒருத்தி தனியே. மழைக்காலத்தில் வண்டிகள் நின்று, நள்ளிரவில் வீடு சேர்ந்ததும் உண்டு. அந்நாட்களில் அவள் கண் சிவந்திருக்கும். கேட்டால் வெங்காயம் என்பாள். நவராத்திரிக் கச்சேரி ஒன்றைக்கூட முழுதாய்க் கேட்க முடியவில்லை. கடைசி வண்டியின் கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எதிர்வீட்டு ஆயி விடவில்லை. "பாணீ ஆல கா?" (தண்ணீர் வந்துவிட்டதா?) என்பதுதான் வீட்டம்மாள் கற்ற முதல் மராட்டி வாக்கியம். ஒரு வருஷத்துக்குள் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டாள்; எங்கள் மராட்டி இன்னும் டிக்கெட் ஜன்னலைத் தாண்டவில்லை. திங்கட்கிழமைகளில் இருவரும் ஊர்ச் சிவாலயத்துக்குப் போவார்கள். கி.பி. 1060-இல் சிலாகார மன்னர் காலத்தில் எழுந்த கற்கோயில் அது. படியிறங்கிப் போய்த்தான் சுவாமியைத் தரிசிக்க வேண்டும். ஆயிக்கு முழங்கால் வலி; இவள் கைபிடித்து இறக்குவாள்.

2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆறு மீண்டும் பொங்கியது. வாங்கணி அருகே மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளில் மீட்டார்கள். பத்லாப்பூரின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. நாங்கள் முதலில் பார்த்த வீட்டில் யார் குடியிருந்தார்களோ என்று இரவு முழுதும் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் மாமா ஐந்து முறை டெலிபோன் செய்தார். அடுத்த மாதம் மாமியுடன் தாமே வந்து, மாடியெல்லாம் சுற்றிப் பார்த்து, "காற்று நன்றாக வருகிறது" என்று மட்டும் சொன்னார். அது அவரிடமிருந்து பெரிய சான்றிதழ்.

இந்தப் பக்கம் வீடு பார்க்க நினைக்கும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அன்று வண்டியும் காலி, தெருவும் அமைதி, எல்லா வீடும் நல்ல வீடாகவே தோன்றும். வாரநாளில் காலை ஆறரை மணிக்கு, சம்சாரத்தையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு, ஏழே கால் வாக்கில் எங்களோடு நிலையத்துக்கு நடந்து வரலாம். இடையிலே எங்கள் வீட்டில் காப்பி உண்டு. பொடி மாட்டுங்காவில் வாங்கியது.