பரண்மேல் கிடக்கும் பங்கு

வீட்டை ஒழித்து அடுக்கித் தருவது இப்போது பெருநகரங்களில் ஒரு தொழிலாகிவிட்டது. கூலி பேசி வருகிறார்கள். அலமாரியைக் கவிழ்த்து, வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம் எனப் பிரித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜப்பானிய எழுத்தாளர் மரீ கோண்டோவின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு இந்தக் கலை உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இது நம் மனத்துக்கு மகிழ்ச்சி தருகின்றதா எனக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது அந்த அம்மையாரின் முறை. முறை நல்லதுதான். ஆயின், தருமபுரி மாவட்டத்தில் நம்மை அழைக்கும் வீடுகளில் அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது: இப்பொருள் யாருடையது?

வீடு ஒழிக்க ஒரு மதரஸா உஸ்தாதை யார் அழைப்பார் என வாசகர்கள் வியக்கக்கூடும். எவரும் அதற்கென்று அழைப்பதில்லை. பங்கு பிரிக்கக் கணக்குப் போட்டுத் தருமாறு அழைப்பார்கள். ஓதும் காலத்தில் நாம் பாடமாகப் படித்த வாரிசுரிமை நூல் 'ஸிராஜிய்யா'. 1792இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கோர்ட்டுகளுக்கும் அது வேண்டியிருந்தது. அந்த நூலைச் சுமந்துகொண்டு போனால், நிலத்தின் பத்திரம் முதலில் கைக்கு வருவதில்லை. பரணில் ஏறித்தான் தேடவேண்டியிருக்கிறது.

மர்ஹூம் விட்டுச் சென்றதிலிருந்து முதலில் கஃபன், அடக்கச் செலவு, பின்னர் கடன், பின்னர் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து, எஞ்சியதே வாரிசுகளுக்கு. கொடுபடாத மஹரும் கடனே. இவ்வரிசையை நம் மக்கள் அறிவார்கள். அறிந்தும், இது நிலத்துக்கும் நகைக்கும் மட்டுமே என எண்ணிக்கொள்கிறார்கள். கட்டிலும் கரண்டியும் இதில் அடங்கும். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் இருந்தால் எல்லாம் நாற்பது பங்கு: மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. பழைய இரும்புக் கடைக்குப் போகும் ஒவ்வொரு சாமானிலும் அந்த ஏழு பங்கு உட்கார்ந்திருக்கிறது.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தோம். புளி வியாபாரம் செய்தவர் மவுத்தாகி நாற்பது நாள் கூட ஆகவில்லை. மகன்மார் இருவரும் பெங்களூரில் வேலையிலிருப்பவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் முடியவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்கள். "வண்டி பேசியாச்சு ஹஜ்ரத். நீங்க நிலக் கணக்கை மட்டும் பாருங்க" என்றார் மூத்தவர். திண்ணையில் பித்தளைப் பாத்திரங்கள் குவிந்திருந்தன. அண்டா, குடம், தாம்பாளம், பன்னீர்ச் செம்பு. அண்டாவைத் திருப்பிப் பார்த்தோம். கழுத்தோரம் புள்ளிப் புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது.

அக்காலத்துப் பாத்திரக் கடைக்காரர்கள் செய்த நன்மை இது. கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணின் பெயரையோ அவள் தந்தையின் பெயரையோ சிற்றுளியால் பொறித்துக் கொடுத்தார்கள். அன்று பதினொரு பாத்திரங்களில் அப்பெயர் இருந்தது. அப்பெயருக்குரியவர் இத்தாவில் உள்ளறையில் இருந்தார். மர்ஹூமின் சொத்தே அல்லாத ஒன்றை, உரியவர் உயிரோடு உள்ளே இருக்கையில், வெளியே எடை போட இருந்தார்கள். மகன்மார் கெட்டவர்கள் அல்லர். வீட்டிலுள்ளதெல்லாம் அத்தாவுடையது என்று பழகிவிட்டவர்கள், அவ்வளவே. திரைக்கு இப்பாலிருந்து நாம் கேட்டோம். "அண்டா மட்டும் இருக்கட்டும், ஹஜ்ரத். மத்ததை மகளுக்குக் கொடுங்க" என்று பதில் வந்தது. பாத்திரங்கள் உள்ளே போயின.

அதன் பின்னரே தகரப் பெட்டியைத் திறந்தோம். பெட்டிக்கு அரபியில் ஸுன்தூக். நம்மவர் நாவில் சந்தூக் என்றால் மய்யித்தைச் சுமந்து செல்வது. பெயர் ஒன்றாயிருப்பது பொருத்தம்தான். காகிதங்களைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் இளையவர். ஒவ்வொன்றாகப் பிரிக்க மாலையாயிற்று. சிட்டா நகல், மின்கட்டண அட்டைகள், தேய்ந்துபோன வங்கிக் கணக்குப் புத்தகம் ஒன்று. பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய நிதிக்குப் போய்விடுகிறது. போனாலும் வாரிசுகளின் உரிமை அழிவதில்லை. 2023இல் தொடங்கிய 'உத்கம்' தளத்தில் பல வங்கிகளின் கணக்குகளை ஒருங்கே தேடலாம். ஆனால் எந்த வங்கி, எந்தப் பெயர் என்பதைச் சொல்வது அந்தத் தேய்ந்த புத்தகந்தான். அடியில் ஒரு துணி முடிச்சில் பழைய ஆயிரம் ரூபாய்த் தாள்கள் நான்கு. 2016 நவம்பரில் செல்லாமற்போனவை. எத்தனை மூதாட்டிகளின் கஃபன் செலவு இப்படிக் காகிதமாயிற்றோ!

இன்னொரு உறையில் வேறொருவரின் அடகுச் சீட்டு இருந்தது. வியாபாரத்தில் அத்தாவிடம் நம்பிக் கொடுத்து வைத்தது. அமானத். அது நாற்பது பங்கிலும் சேராது. அன்றிரவே உரியவர் வீட்டுக்குப் போயிற்று.

எஞ்சிய சாமான்களைப் பங்கிடும்போது மகள், அத்தாவின் தராசையும் இரும்புப் படிக்கற்களையும் கேட்டார். புளி நிறுக்கும்போது சிறுமியாக அருகே உட்கார்ந்திருந்தவர். ஒரு வாரிசு மற்றவர் சம்மதத்தோடு குறித்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எஞ்சியதிலிருந்து விலகுவதற்கு ஃபராயிளில் தகாருஜ் என்று பெயர். வீட்டுச் சாமான் அளவில் அவ்வாறே எழுதினோம். மூத்தவர் மெல்லக் குனிந்து, "அப்படியே நிலத்தையும் விட்டுக்கொடுத்ததா ஒரு வரி சேர்த்துடுங்க" என்றார். நாம் பேனாவை மூடி வைத்தோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு இளையவரே, "அது வேணாம்ணே, அவ பங்கு அவளுக்கு" என்றார். பேனாவைத் திறந்தோம்.

ஸ்வீடன் நாட்டு முதிய மாது மார்கரெட்டா மாக்னுசன் 2017இல் ஒரு நூல் வெளியிட்டார். சாகுமுன் தன் வீட்டைத் தானே ஒழித்து வைப்பது பற்றியது. நம்முடைய ஃபிக்ஹும் இதற்கு இடம் தருகிறது. சுகமாயிருக்கும்போது கொடுத்து, பெறுபவர் கைக்கு மாறிவிட்டால் அது ஹிபா, நிறைவேறியது. மரணப் படுக்கையில் கொடுப்பதோ வஸிய்யத்தின் கணக்கிலே போய், மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்; அதிலும் வாரிசுக்கென்றால் மற்ற வாரிசுகள் ஒப்பவேண்டும். பிள்ளைகளுக்குள் சமம் பேணவேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறோம். "இது உனக்குத்தான்" என்று வாயால் சொல்லிவிட்டுப் பெட்டியிலேயே பூட்டி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அது கொடுத்ததாகாது.

காரிமங்கலத்தில் எழுபதைக் கடந்த ஒருவர் சென்ற மாதம் சொல்லியனுப்பினார். தம் பரணைத் தாமே இறக்கப் போகிறாராம். உடனிருந்து எழுதித் தரவேண்டுமாம். நான்கு பெண்களையும் வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளி பிற்பகலுக்குப் போகிறோம்.