மாசி மாதத்துப் புகையிரதப் பிரயாணம்

பிரயாணம் செய்ய எண்ணுவோர் முதலிற் கையில் எடுப்பது புகையிரத நேரசூசியை. நான் எடுத்தது பஞ்சாங்கத்தை. நம் தீவைப் புகையிரதத்தில் ஆறுதலாகச் சுற்றிவந்து, அதன் காட்டையும் மலையையும் கடலையும் கண்ணாரக் காணவேண்டுமாயின், எந்த வண்டியிற் போவது என்பதைக் காட்டிலும் எந்தக் காற்றிற் போவது என்பதே முதல் வினாவாகும்.

நம் நாடு சிறிது. ஆயினும் அதன் இருபக்கத்துக்கும் பருவம் ஒன்றன்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று வீசும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பதும், மட்டக்களப்பார் கச்சான் என்பதும் அக்காலத்துக் காற்றுகளே. ஹற்றனும் காலியும் மழையில் நனையும் அந்நாட்களில் வடக்கும் கிழக்கும் வரண்டு கிடக்கும். ஐப்பசி பிறந்தபின்போ, கொண்டலும் வாடையும் நம் பக்கத்துக்கு மழையைக் கொண்டுவரும். ஒருவர்க்கு நற்காலமாயிருப்பது மற்றவர்க்கு அவ்வாறன்று. இவ்விரண்டுக்கும் இடையில் நமக்கு வாய்ப்பது மாசி. கிழக்கில் மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும். மலையில் வானம் தெளிந்திருக்கும். தெற்கிற் கடல் அடங்கியிருக்கும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதனால், மலைநாட்டுக்கென்று கம்பளி உடுப்பு எடுத்துக்கொண்டாற் போதும்.

எல்லாம் ஒரே மாதத்திற் கிட்டுமென்று எண்ணலாகாது. பாலைப்பழம் வேண்டுவோர் ஆனி, ஆடியில் வரவேண்டும். மின்னேரியாக் குளத்தில் யானைக் கூட்டங்களைக் காண்பதற்கு உகந்தது ஆவணி. இதைக் கேட்டதும் என் பேர்த்திக்கு முகம் வாடியது. “யானையில்லாமல் என்ன பயணம், அம்மப்பா?” என்றாள். அதற்குரிய விடையைப் பின்னர் கூறுகிறேன்.

காற்றை அடுத்து நான் வகுத்துக்கொண்ட விதி, பகலில் மட்டுமே வண்டியேறுவது என்பது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரவுத் தபால் வண்டியிற் போய்வந்த தலைமுறையினர் நாம். வன்னிக் காட்டை உறக்கத்திலேயே கடந்தவர்கள். 1990இல் அவ்வண்டியும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காப்பரண்களுக்கு ஆயின. 2014 ஒக்ரோபரிலேதான் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அவ்வாண்டிற் பிறந்தவள் என் பேர்த்தி. அவளுடைய தாய், என் மகள், புகையிரதமே காணாது வளர்ந்தவள். அவள் அறிந்த வன்னி, மூட்டை முடிச்சுகளோடு நடந்த வன்னி. மரம் என்றால் அதன் கீழ் ஒதுங்கலாமா என்று மட்டுமே பார்த்த காலம் அது. பாலை எது, வீரை எது, முதிரை எது என்று அக்காட்டைக் காடாகவே அவள் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது என் பெருவிருப்பம். ஆகவே ஆனையிறவுக் களப்பைக் காலை வெயிலிற் கடக்கும் வண்டியையே தெரிந்துள்ளேன்.

வழியை வரையப் புகுந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. நம் நாட்டுப் புகையிரதப் பாதை வட்டமன்று. கிளைவிட்ட மரம் போன்றது. பதுளையில் முடிந்த பாதை மட்டக்களப்பைத் தொடாது. தெற்கில் 2019இல் பெலியத்தை வரை நீண்ட பாதையும் அங்கேயே நிற்கின்றது. போன வழியே திரும்பவேண்டும். இதைக் குறையென்று கொள்ளற்க. போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் இருந்தால் ஒரே பாதை இரண்டு பாதையாகும். யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம்; மாகோவிற் கிளை மாறிக் கல்லோயா வழியாக மட்டக்களப்பு; மீண்டும் மாகோ, பொல்காவலை, பேராதனை, பதுளை; பின்னர் கொழும்பு, மாத்தறை. ஒவ்வொரு கிளையிலும் இரண்டொரு நாள் தங்கினால் 16 நாட்கள் ஆகும்.

மட்டக்களப்புக் கிளையிலேதான் பேர்த்திக்கு நான் சொல்லவேண்டிய விடை இருக்கின்றது. மாசியிலும் அங்கே யானைகள் உண்டு. குளத்தோரத்தில் அல்ல, பாதையிலேயே உண்டு. 2025 பெப்ரவரி 20ஆந் திகதி, விடியுமுன், ஹபரணைக்கு அண்மையில் விரைவு வண்டியொன்று யானைக் கூட்டத்தில் மோதியதில் ஆறு யானைகள் மடிந்தன. அதுவும் மாசி மாதமே. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியின் குறுக்கே நாம்தான் இரும்பை இட்டோம். அவ்விடத்தில் வண்டி மெல்ல ஊரும்போது, காலதாமதம் என்று கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பது முறையன்று. அந்தச் சில நிமிடங்களைக் கொடுக்க மனமில்லாதவன் யானை பார்க்கப் புறப்படுவது எதற்காக? இதைச் சொன்னபோது பேர்த்தி நெடுநேரம் பேசவில்லை.

மலைநாட்டுப் பாதையின் கதையோ வேறு. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்றே இடப்பட்ட பாதை 1867இற் கண்டியை அடைந்தது. அதே ஆண்டிலேதான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை நட்டார். கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலை மலையேறியது. பாதையும் உடன் ஏறி, 1924இற் பதுளையை எட்டியது. சன்னலோரத்தில் நாம் வியக்கும் பச்சைச் சரிவுகள் யாவும் ஒருகாலத்திற் பெருங்காடு. அதை வெட்டித் திருத்தியவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர். அழகைப் பார்க்கும் கண்ணுக்கு அவர்களுடைய லயங்களும் தெரிதல் வேண்டும்.

எஞ்சிய காட்டைக் காண ஓகியாவில் இறங்கலாம். அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீற்றரில் ஹோட்டன் சமவெளி. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் சுரக்கும் இடம் அது. ஓகியாவுக்கு முன்னே வரும் பட்டிப்பொல 6,226 அடி உயரத்தில் உள்ளது. நம் நாட்டுப் புகையிரத நிலையங்களுள் அதுவே மிக உயர்ந்தது. அதை அடுத்த சுரங்கம் தீவின் இரு காற்றுகளுக்கும் எல்லைச்சுவர் போன்றது. சோளக காலத்தில் இப்பக்கம் மழையில் நனைந்த வண்டி அப்பக்கம் ஊவாவின் வெயிலில் வெளிப்படுவதுண்டு. பஞ்சாங்கத்தை ஏன் எடுத்தேன் என்று கேட்பவருக்கு அச்சுரங்கமே மறுமொழி கூறும்.

ஒன்றிரண்டு சிறு குறிப்புகள். குளிரூட்டிய பெட்டியைத் தவிர்க்குக; திறவாத கண்ணாடிக்குள் குயிலோசையும் வராது, காட்டின் மணமும் வராது. இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சன்னல்களே நமக்கு ஏற்றவை. படிக்கட்டிற் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். 2025 நவம்பரில் வீசிய தித்வா புயலினால் மலைப்பாதை பல இடங்களில் மண்சரிவுக்குள்ளானது. ஆதலால் எப்பகுதி வரை வண்டி ஓடுகின்றது என்பதை நிலையத்தில் விசாரித்த பின்னரே நாளைக் குறித்தல் வேண்டும். பாதை மூடியிருந்தால் அடுத்த மாசி வரை பொறுத்திருப்பதிலும் இழப்பில்லை.

மாசியிற் போவோர்க்கு வழித்துணை ஒன்று உண்டு. ஆறுமணிக்குருவி என்னும் வண்ணப்பறவை மாரிக்கு முன்னே இந்தியாவிலிருந்து வந்து, சித்திரையளவிலே திரும்பிவிடும். மாலையிற் சிறு நிலையமொன்றில் இறங்கிப் பற்றையோரம் நின்றால் அதன் குரலைக் கேட்கலாம். அதற்கு நேரசூசியும் இல்லை, ஆசனப் பதிவும் இல்லை. காற்று மாறும் காலத்தை அறிந்து கடலைக் கடந்து வருகின்றது. காற்று மாறும்போது போகின்றது. அத்துணை அறிவு நமக்கும் வாய்க்குமாயின், இத்தீவு நமக்குத் தன்னைச் சிறிது சிறிதாகக் காட்டும்.