திரையில இருக்கிறது நான்தானா?

"எந்த ஊரு?"ன்னு யாராவது கேட்டா, "ஊட்டி"ன்னு சொல்லிடுவேன். பொய்தான். என் ஊரு அரவேணு. மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறினா, கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். இதையெல்லாம் யாரு விளக்கிக்கிட்டு இருக்கிறதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன். இன்ஸ்டாகிராம்லயும் ஊட்டிதான். பனிமூட்டம், தேயிலைத் தோட்டம், கையில டீ கப்போட நான். அதே தோட்டத்துல அம்மா கூலிக்கு இலை பறிக்கிறது மட்டும் எந்தப் படத்துலயும் இருக்காது.

போன மாசம் கிரீஷ் கர்னாட் எழுதின ஒரு நாடகம் படிச்சேன். கன்னடத்துல 'ஒடகலு பிம்ப', ஆங்கிலத்துல 'புரோக்கன் இமேஜஸ்'. 2005-ல பெங்களூரு ரங்க சங்கராவுல மேடையேறினது. மஞ்சுளா நாயக்னு ஒரு கன்னட எழுத்தாளர். ஆங்கிலத்துல அவங்க பேர்ல வந்த ஒரு நாவலால பெரிய புகழ். டிவி ஸ்டுடியோவுல பேசி முடிச்சுட்டுக் கிளம்புறப்ப, திரையில இருக்கிற அவங்க உருவமே அவங்களைக் கேள்வி கேட்க ஆரம்பிக்குது. கடைசியில உண்மை வெளிய வருது: அந்த நாவலை எழுதினது நடக்க முடியாத தங்கச்சி மாலினி!

மேடையில ஒரே நடிகைதான், திரையிலயும் அவங்களேதான். அலிக் பதம்ஸி இயக்கினப்ப ஷபானா ஆஸ்மி நடிச்சாங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு. திரையில வர்றது முன்னாடியே பதிவு பண்ணினது. மேடையில நிக்கிறவங்க ஒரு நொடி தாமதிச்சாலும் அது காத்திருக்காது. உயிருள்ள மனுஷிதான் பிம்பத்தோட வேகத்துக்கு ஓடணும். நாம எல்லாரும் இப்ப அப்படித்தானே ஓடிக்கிட்டிருக்கோம்?

'விர்ச்சுவல் ரியாலிட்டி'ன்னா தலையில மாட்டுற கருவிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அந்தோனின் ஆர்த்தோங்கிற பிரெஞ்சு நாடகக்காரர், 1938-ல வந்த தன்னோட புத்தகத்துல, நாடகத்தைப் பத்திச் சொல்லவே அந்த வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கார். வேஷம் போடுறதைப் பத்தி நாடகத்துக்குத் தெரியாததா?

லீவுல வீட்டுக்குப் போனப்ப அம்மா என் போனை வாங்கிப் படங்களை ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்தாங்க. "நம்ம தோட்டம் இவ்வளவு அழகா இருக்கே!"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் சாதாரணமா, "நான் எங்க கண்ணு?"ன்னு கேட்டாங்க.

மஞ்சுளாவைக் கேட்ட கேள்விகளை விட இது சின்னதுதான். எனக்குத்தான் பதில் வரலை.

அன்னைக்கு ராத்திரியே ஊட்டியை எடுத்துட்டு அரவேணுன்னு போட்டேன். அம்மா படம் இன்னும் போடலை. அவங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்.

சரி, உங்க திரை உருவம் உங்களைக் கேள்வி கேட்டா, முதல்ல எதைக் கேட்கும்?