உரும்பிராயில் விதைக்கிழங்கு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்து உரும்பிராய்ச் சந்தியை அடைவர். சந்தியை விட்டு ஏதேனும் ஓர் ஒழுங்கையில் இறங்கினாற் போதும். செம்பாட்டுத் தறைகளும், கிணறுகளும், வாய்க்கால்களும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தெரியும். கார்த்திகை மழை தணியும் வேளையில் இத்தறைகள் பலவற்றில் உருளைக்கிழங்கு நடுகை தொடங்கும்.

1967ஆம் ஆண்டில் உண்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர், புகையிலையும் வெங்காயமும் விளைந்த நிலங்களில் உருளைக்கிழங்கு செழித்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி, நடுகைக்காலம் நெருங்கிய வேளையில், வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடு வாசலைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1996இல் இறக்குமதியும் தாராளமாக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னரும் இப்பயிர் இம்மண்ணைவிட்டு நீங்கவில்லை.

வீட்டுவளவில் நூறு கன்று வைக்க விரும்பும் நம் போன்றோர் விதைக்கு எங்கே போவது? திருநெல்வேலிச் சந்தையில் ஐந்து கிலோ வாங்கிவந்து புதைத்தால் என்ன என்று பலரும் எண்ணுவர். நாமும் இதனை உரும்பிராய்க் கமக்காரர் ஒருவரிடம் கேட்டோம். "மாஸ்ரர், சந்தைக் கிழங்கிலை வாடல் இருந்தா உங்கட வளவு மட்டுமில்லை, எங்கட மிளகாயும் கத்தரியும் சேர்ந்து போயிடும்" என்றார் அவர்.

அவர் கூறியது மிகையன்று. பக்றீரியா வாடல் நோய் உருளைக்கிழங்கோடு நிற்பதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை ஆகிய அதன் இனத்துப் பயிர்களையெல்லாம் தாக்கும். மண்ணில் ஒருமுறை குடியேறினால் ஆண்டுக்கணக்கில் தங்கும். பாய்ச்சும் நீரோடு அடுத்த தறைக்கும் செல்லும். பதுளைப் பகுதி வயல்களில் இது பழைய நோய். வெளித்தோற்றத்தில் நல்லதாகத் தெரியும் கிழங்கும் கிருமியைச் சுமந்திருக்கலாம். மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்: வாடிய செடியின் தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அதன் நுனியைத் தோய்த்துப் பிடித்தால், சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழ்நோக்கி இறங்கும்.

சொந்த விளைச்சலிலேயே விதை எடுத்து வைக்கலாகாதா எனின், மாசியிற் கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கி, கோடை வெயிலில் முளைத்துச் சுருங்கிவிடும்; அடுத்த கார்த்திகைவரை காப்பதற்குக் குளிர்களஞ்சியம் வேண்டும். ஆகவே விதை வெளியிலிருந்தே வருகிறது. நுவரெலியாவில் சீதாஎலிய ஆராய்ச்சி நிலையம் இப்பயிருக்கென நெடுங்காலம் உழைத்துவருகிறது. கடல் கடந்து ஒல்லாந்திலிருந்து வருவதும் உண்டு.

ஒல்லாந்து விதைச் சாக்கில் ஒரு சீட்டு இணைக்கப்பட்டிருக்கும். அதனை வாசிக்கப் பழகவேண்டும். வெள்ளைச் சீட்டு அடிப்படை விதையையும், நீலச் சீட்டு அதிலிருந்து பெருக்கிய சான்றுபெற்ற விதையையும் குறிக்கும். இனத்தின் பெயரோடு 28/35 அல்லது 35/55 என்றவாறு கிழங்கின் பருமன் மில்லிமீற்றரில் இருக்கும். சிறியது மலிவன்று; ஒரு சாக்கில் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதால் அதுவே வீட்டுத்தோட்டத்துக்கு இலாபம்.

முழுச்சாக்கு நமக்கு வேண்டியதில்லை. கோழிமுட்டை அளவான கிழங்கு ஏறக்குறைய ஐம்பது கிராம். நூறு கன்றுக்கு ஐந்து கிலோ போதும். ஐப்பசி பிறக்குமுன்னரே உரும்பிராய்க் கமநல சேவை நிலையத்தில் விசாரிப்பது நன்று. கமக்காரர் அமைப்பிலுள்ள அயலவரிடம் சொல்லிவைத்து, அவர் எடுக்கும் சாக்கிற் பங்கு கேட்பது அதனினும் எளிது. சீட்டைக் காட்டாமல் அவிழ்த்த சாக்கிலிருந்து நிறுத்துத் தருபவரிடம் வாங்கவே வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் சரியே.

கொண்டுவந்த கிழங்கைச் சாக்கிலேயே விட்டுவைத்தல் ஆகாது. மெல்லிய வெளிச்சம் படும் நிழலான இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று குவியாமற் பரப்பிவிட்டால், முளை குட்டையாகவும் தடித்தும் எழும். கூடியவரை வெட்டாமல் முழுக்கிழங்காகவே நடவேண்டும். வெட்டத்தான் வேண்டுமெனில், ஒவ்வொரு கிழங்குக்கும் இடையிற் கத்தியைக் கொதிநீரில் நன்கு தோய்த்தெடுக்க வேண்டும்.