புழல் ஏரியில் இறங்கிய போர் விமானங்கள்... பிளாஸ்டிக்கில் மீட்டெடுக்கும் பொறுமைசாலிகள்!

மீஞ்சூரைத் தாண்டி வள்ளூரை நெருங்கும்போதே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணில் பட்டுவிடும். தலா 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 1,500 மெகாவாட். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வருகிறது. சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலை. விமானத்தை நினைவூட்டும் எதையும் இங்கே பார்க்க முடியாது.

ஆனால், இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய தூரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்று இருந்தது. பக்கத்திலேயே, ஓர் ஏரியின் தண்ணீரில் விமானங்கள் வந்து இறங்கின. அந்த விமானங்கள் போய் 80 ஆண்டுகளாகின்றன. அவற்றின் உருவத்தை வீட்டு மேஜையிலேயே வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல்தான் அது. சுலபமான வழி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்!

தெர்மாகோலின் உடன்பிறப்பு

இந்த மாடல்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. பள்ளி புராஜெக்ட்டுக்கு வாங்கும் தெர்மாகோலும் அதேதான். காற்றை நிரப்பி உப்பவைத்தால் தெர்மாகோல், கெட்டியாக வார்த்தால் மாடல் விமானம். தெர்மாகோல் மீது பெட்ரோல் பட்டால் கரைந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மாடல் ஒட்டும் பசையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு பாகங்களின் விளிம்பையும் லேசாகக் கரைத்து, ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் ஒருமுறை கோணலாக ஒட்டிவிட்டால், பிரிப்பது பெரும்பாடு.

கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தப் பெட்டிக்குள் இருப்பது புதிதல்ல. உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக டைக்குள் அழுத்திச் செலுத்தி எடுத்த பாகங்கள் அவை. டை தேய்ந்திருந்தால் விளிம்பில் பிசிறு வரும். குளிரும்போது சுருங்கினால் குழி விழும். ஆலையில் இப்படி வந்தால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுவார்கள். மாடல் கட்டுபவர் அதை ஒதுக்க முடியாது. சீவி, புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

உலகெங்கும் பரவலாகக் கிடைக்கும் அளவு 1/72. ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குலம். 1950-களில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இந்த அளவில் மலிவான மாடல்களை விற்கத் தொடங்க, அது பல நாட்டுக் குழந்தைகளின் விளையாட்டானது. அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகும் இதை விடவில்லை. மாடல்கள்தான் மேலும் மேலும் கடினமாகிக்கொண்டே போயின.

சோழவரம்: ஓடுபாதையில் ஓடிய கார்கள்

மீஞ்சூரில் தொடங்கி வண்டலூர் வரை போகும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலையில் ஏறினால், சோழவரம் பக்கமாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். போர்க்காலத்தில் இங்கே விமான ஓடுபாதை இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போனதும், கார்களும் பைக்குகளும் வந்தன. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இந்த ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமைந்ததும், சோழவரத்தின் இரைச்சல் அடங்கியது. ‘சோழவரம் ரேஸ்’ என்றால் தாத்தாக்களுக்கு உடனே நினைவு வரும். அது விமானங்களுக்காகப் போட்ட தரை என்பது அவர்களிலும் பலருக்கு நினைவில் இல்லை.

புழல்: தண்ணீரில் ஒரு விமானதளம்

அதே நெடுஞ்சாலையில் சென்னை நோக்கி வந்தால் செங்குன்றம், புழல் ஏரி. 1876-ல் அமைக்கப்பட்டு, இன்று 3,300 மில்லியன் கனஅடி கொள்ளளவோடு சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. போர்க்கால ஆவணங்களில் இதன் பெயர் ‘ரெட்ஹில்ஸ் லேக்’. பிரிட்டிஷ் விமானப் படையின் கடல் விமானதளம் இது.

காரணம், 1942 ஏப்ரல். இலங்கையின் கொக்கலையிலிருந்து கேட்டலினா என்ற கடல் விமானத்தில் புறப்பட்ட கனடா விமானி லியோனார்ட் பர்ச்சால், ஏப்ரல் 4 அன்று இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். ரேடியோவில் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தபோதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் உயிர் பிழைத்துப் போர்க் கைதியானார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்து மெட்ராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. வீட்டுப் பெரியவர்கள் ‘எவாக்குவேஷன்’ என்று சொன்னது இந்த நாள்களைத்தான்.

அதே ஆண்டு ஜூலையில் 240-வது ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் புழல் ஏரிக்கு வந்தன. வங்கக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதும், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பதும் அவற்றின் வேலை. 20 மணி நேரத்துக்கும் மேல் தரையிறங்காமல் பறக்கக்கூடியவை அவை. இறக்கையின் அகலம் சுமார் 31.7 மீட்டர். இதைப் படிக்கும்போது வெறும் எண்ணாகத்தான் தெரியும். 44 செ.மீ. இறக்கை கொண்ட மாடலுக்குப் பக்கத்தில் ஓர் அங்குல மனிதனை நிறுத்திப் பாருங்கள். புழல் கரையில் அன்று நின்றவர்கள் எதைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்கள் என்பது அப்போது புரியும்.

நான்கு சோதனைகள்

அந்த மாடலை முடிப்பது லேசுப்பட்ட வேலையல்ல. முதல் சோதனை இறக்கை. கேட்டலினாவின் இறக்கை உடலோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு தூண், பக்கத்துக்கு இரண்டு தாங்கு கம்பிகள், அவற்றின் மேல் உட்காரும். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது விமானம் தள்ளாடுவதுபோலத் தெரியும். பசை தடவும் முன்பு வெறுமனே பொருத்திப் பார்த்து, இரு முனைகளும் மேஜையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்த பிறகே ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பின்பக்கத்தில் இருபுறமும் குமிழ்போலப் புடைத்திருக்கும் கண்ணாடி ஜன்னல்கள். சூப்பர் குளூ பயன்படுத்தினால் அதன் ஆவியே கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும். நிறைய பேர் இங்கே நம்புவது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை. காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

மூன்றாவது, வானிலை. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் லாக்கர் பெயின்ட் அடித்தால், காய்வதற்குள் வெளுத்துப்போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஏர்பிரஷை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். மழை விட்டால் தூசி. அடித்த பெயின்ட்டின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவைக்க வேண்டியிருக்கும். தின்னர் நெடிக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதும், முகக்கவசம் போடுவதும் கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நான்காவது, உண்மை. பிரிட்டிஷ் விமானம் என்றால் நீலம், வெள்ளை, சிவப்பு வட்டச் சின்னம் நினைவுக்கு வரும். ஆனால், ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக்கூடாது என்பதால், போரின்போது இந்தப் பகுதி விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். பெட்டியில் வரும் ஸ்டிக்கரை அப்படியே ஒட்டினால் அது ஐரோப்பாவில் பறந்த விமானமாகிவிடும். 1944-ன் புழல் விமானம் வேண்டுமென்றால் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்து, சின்னத்தை மாற்ற வேண்டும்.

அரக்கோணம்: 32 இதழ்கள்

இன்றும் பறக்கும் விமானங்களைப் பார்க்க வேண்டுமானால் திருவள்ளூரிலிருந்து ரயிலேறி அரக்கோணம் போகலாம். 1992-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் அங்கே இருக்கிறது. உள்ளே போக அனுமதி இல்லை. அண்ணாந்து பார்க்கத் தடையில்லை. 2017 மார்ச் வரை இங்கிருந்துதான் ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 பறந்தது. நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர்கள், மொத்தம் 32 இதழ்கள். 1/72 அளவில் இறக்கை மட்டுமே சுமார் 69 செ.மீ. 32 இதழ்களின் பிசிறையும் சீவி முடிப்பதற்குள் பொறுமை எத்தனை தூரம் என்று தெரிந்துவிடும். நிஜ விமானத்தைப் பார்க்க விரும்பினால் விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மாடல்கள் பல, பாதியிலேயே பெட்டிக்குள் திரும்பிவிடுவது உண்டு. இறக்கை பொருந்தவில்லை, பெயின்ட் வெளுத்துவிட்டது, நேரமில்லை... காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முடிப்பவர்கள் அதிசயப் பிறவிகள் அல்ல. ஒரு நாளைக்கு ஒரு பாகம், அது காயும் வரை அடுத்ததைத் தொடாத கட்டுப்பாடு, தப்பாக வந்ததை மறுபடி தேய்க்கச் சலிக்காத மனசு. அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒற்றை என்ஜின் சிறிய விமானத்தில் ஆரம்பிப்பது நல்லது. கேட்டலினாவை மூன்றாவது, நான்காவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அது முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகளைப் புழல் பக்கம் அழைத்துப் போங்கள். குடிநீர் ஏரி என்பதால் தண்ணீரில் இறங்காமல், கரையோரமாக நின்றே அகலத்தைக் காட்டுங்கள். ‘இந்த விமானம் இங்கதான் இறங்குச்சு’ என்று சொன்னால் போதும். கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.